டெக்னோவில் கால் ஊன்ற: ஓர் அறை, 300 தட்டுகள், ஒரு பகல் வேலை

டெக்னோ என்ற மின்னணு நடன இசையைக் கலந்து ஒலிக்கவிடும் டிஜே ஆக வேண்டும் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, “எந்தக் கருவி வாங்கலாம்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு: சனிக்கிழமை இரவு எந்த அறையில், யாரோடு நிற்கிறீர்கள்? அதற்கு ஒரு பதில் இருந்தால் மற்றதை எல்லாம் கற்றுக்கொண்டுவிடலாம். பதில் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியானாலும் வீட்டு மேசையைத் தாண்டாது.

ஆயிரக்கணக்கானோர் கூடும் விழா மேடைகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. நான் சொல்வது அண்டர்கிரவுண்ட் டெக்னோவை: நூறு, இருநூறு பேர் கொள்ளும் இருட்டு அறைகள், 300 பிரதி அச்சடிக்கும் சிறு லேபிள்கள் (இசை வெளியீட்டு நிறுவனங்கள்), இசைத்தட்டுக் கடைகள், விடிந்த பிறகும் ஓடும் இரவுகள். எட்டு ஆண்டுகளாக பெர்லினில் இந்த வட்டத்துக்குள் இருக்கிறேன். பகலில் ஓர் இசைத்தட்டுக் கிடங்கில் பொட்டலம் கட்டுகிறேன். மாதத்தில் இரண்டு இரவு செட் போடுகிறேன், அதாவது எனக்குக் கொடுத்த நேரம் முழுவதும் இசையை இடைவிடாமல் கலந்து ஓடவிடுகிறேன். இந்த இரண்டு வேலையிலும் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தொழிலை யார் உண்டாக்கினார்கள்

வரலாறு எதற்கு என்று தாண்டிப் போகாதீர்கள். இன்றைக்கும் இந்தத் தொழில் டெக்னோவின் முன்னோடிகள் போட்ட தடத்தில்தான் ஓடுகிறது.

ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே பெல்வில் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1985-இல் ஆட்கின்ஸ் மெட்ரோப்ளெக்ஸ் என்று சொந்த லேபிள் தொடங்கினார். அடுத்து மே டிரான்ஸ்மாட்டையும், சாண்டர்சன் கேஎம்எஸ்ஸையும் தொடங்கினார்கள். மூன்று லேபிள்களும் கிராஷியட் அவென்யூவில் அருகருகே இயங்கின. 1988-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஒரு தொகுப்புத் தட்டு டெக்னோ என்ற பெயரை வெளியுலகில் நிலைநிறுத்தியபோது, அவர்கள் கையில் சொந்த லேபிளும் அடுக்கடுக்காகத் தட்டுகளும் ஏற்கெனவே இருந்தன.

அடுத்து வந்த மைக் பேங்க்ஸ், ஜெஃப் மில்ஸ், ராபர்ட் ஹுட் ஆகியோரின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழு இன்னும் ஒரு படி போனது. முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டார்கள். கடைகளுக்குத் தட்டு அனுப்பும் விநியோகமும் சப்மெர்ஜ் என்ற பெயரில் டெட்ராய்ட்டுக்குள்ளேயே நடந்தது.

பெர்லின் சுவர் விழுந்த பின், 1991 மார்ச்சில், பழைய வெர்ட்ஹைம் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் ட்ரெசோர் கிளப் திறந்தது. அது தன் லேபிளைத் தொடங்கியபோது வெளியிட்ட முதல் தட்டு அந்த அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினருடையது. ஹார்ட் வாக்ஸ் தட்டுக் கடை 1989-லேயே பெர்லினில் வந்துவிட்டது. அதை நிறுவிய மார்க் எர்னஸ்டஸ் பின்னர் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டோடு சேர்ந்து பேசிக் சேனல் என்ற பெயரில் இசையும் வெளியிட்டார்.

லேபிள், கடை, விநியோகம், கிளப் என்று எல்லாவற்றையும் இந்த இசையில் ஊறியவர்களே கட்டினார்கள். யாராவது வந்து நம்மைக் கண்டுபிடித்துத் தூக்கிவிடுவார்கள் என்று காத்திருக்க இங்கே இடமில்லை. இந்தக் கட்டுமானத்தில் ஒரு வேலையை எடுத்துச் செய்துகொண்டே இசையும் செய்தவர்கள்தான் நிலைத்தார்கள். டிஜே மார்செல் டெட்மான் ஹார்ட் வாக்ஸில் வேலை பார்த்தவர். வியன்னாவிலிருந்து வந்த பெண் டிஜே எலெக்ட்ரிக் இண்டிகோவும் 1990களில் அங்கே வேலை பார்த்தார். டெட்ராய்ட் வட்டாரத்தில் மைக் ஹக்கபி ரெக்கார்ட் டைம் கடையில் தட்டுகள் வாங்கும் பொறுப்பில் இருந்தார். பிறகு யூத்வில் மையத்தில் இளைஞர்களுக்கு இசைத் தயாரிப்பு சொல்லிக்கொடுத்தார். ஒமர்-எஸ், ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே லேபிள் நடத்தியவர். பகல் வேலை இருப்பதை யாரும் இங்கே குறையாகப் பார்ப்பதில்லை. வாடகை வேறு எங்கிருந்தோ வந்தால்தான் பிடிக்காத செட்டுக்கு “வேண்டாம்” என்று சொல்லும் துணிவு வரும்.

படி 1: ஒரு வருடம் காதுக்கு

ஒரு லேபிளைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் அதன் பட்டியலைத் திறந்து முதல் வெளியீட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். மெட்ரோப்ளெக்ஸ், ஆக்சிஸ், பர்மிங்ஹாமின் டவுன்வர்ட்ஸ் என்று எதுவானாலும் சரி. வரிசையாகக் கேட்கும்போதுதான் ஒருவருடைய ஓசை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது, யார் யாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் காதில் படியும். இணையம் தானாக எடுத்துப் போடும் பட்டியல் அந்த அறிவைத் தராது.

பிறகு வாங்குங்கள். வாரம் மூன்று டிராக் (தனி இசைத்துண்டு) போதும், ஆனால் காசு கொடுத்து வாங்குங்கள். காசு கொடுக்கும்போது தேர்வு கூர்மையாகும். கோப்புறைகளுக்கு இசை வகையின் பெயரை வைக்காமல் நேரத்தின் பெயரை வையுங்கள்: இரவு 11 மணி, 2 மணி, காலை 6 மணி. ஒரு டிராக்கைக் கேட்டதும் “இது எந்த நேரத்துக்கு?” என்று கேட்கும் பழக்கம்தான் டிஜேவின் அடிப்படைப் பழக்கம். இத்தனை ஆண்டு கழித்தும் என் யூஎஸ்பியில் அப்படித்தான் இருக்கிறது.

கூடவே ஆடப் போங்கள். தளத்தின் நடுவில் ஒரு மணி நேரம் ஆடாதவருக்கு, தளத்தில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரிய வாய்ப்பே இல்லை.

படி 2: கலக்கக் கற்றல்

கருவி பற்றிச் சுருக்கமாக முடிக்கிறேன். பழையதாக ஒரு இரண்டு சேனல் கன்ட்ரோலர் (கணினியில் இருக்கும் இரண்டு டிராக்கைக் கையால் கலக்கும் கருவி), ஒரு நல்ல மூடிய ஹெட்போன். அவ்வளவுதான். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச் சுழலிகள் அருமையானவை, கடனுக்கு வாங்காதீர்கள்.

இரண்டு டிராக்கின் வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். அது கேவலம் என்பதற்காகச் சொல்லவில்லை. அதை நம்பியே வளர்ந்த காது, ஏதாவது பிசகும்போது திகைத்துவிடும். கணக்கு எளியது. ஒரு டிராக் நிமிடத்துக்கு 130 தாள அடி, இன்னொன்று 130.5 அடி என்றால், ஒரே நிமிடத்தில் அரை அடி விலகிவிடும். இரண்டு கிக்கும் (அடி டிரம் ஓசை) குதிரை ஓடுவதுபோல் தடதடக்கும். அந்தத் தடதடப்பு தொடங்கும் முன்பே காது அதைப் பிடிக்க வேண்டும். டெக்னோ பெரும்பாலும் 32 அடி கொண்ட தொகுதிகளாக நகரும். நிமிடத்துக்கு 130 அடி (130 பிபிஎம்) வேகத்தில் ஒரு தொகுதி ஏறக்குறைய 15 விநாடி. புதிய டிராக்கை அந்தத் தொகுதியின் தொடக்கத்தில் நுழைத்துவிடுங்கள். இரண்டு டிராக்கின் பேஸும் (கீழ்ச்சுர ஓசை) ஒன்றாக ஓடினால் அறை சேறாகிவிடும். ஒன்றின் கீழ் அலைவரிசையை இறக்கிவிட்டுத்தான் மற்றதை ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு பயிற்சியையும் பதிவு செய்து, மறுநாள் பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். செட் போடும்போது தெரியாத அவசரம் மறுநாள் தெளிவாகக் கேட்கும்.

படி 3: ஓர் அறையைப் பிடியுங்கள்

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். நூறு இடத்துக்கு மிக்ஸ் (தாங்கள் கலந்த இசைப் பதிவு) அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இந்த இரவுகளை ஏற்பாடு செய்யும் புரமோட்டர்களின் மின்னஞ்சல் பெட்டியில் அப்படி வரும் மிக்ஸ்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் மாதாமாதம் வந்து, ஆடி, விடிந்ததும் ஸ்பீக்கர் தூக்க ஒரு கை கொடுக்கும் ஆளை எந்தப் புரமோட்டரும் மறப்பதில்லை.

உங்கள் ஊரில், அல்லது போய்வர முடிகிற ஊரில், உங்களுக்குப் பிடித்த ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தொடர்ந்து போங்கள். வாசலில் சீட்டுக் கொடுக்க, கேபிள் சுருட்ட, சுவரொட்டி ஒட்ட ஆள் தேவைப்படும். மூன்றாவது, நான்காவது மாதத்தில் யாராவது ஒருவர் உங்களிடம், “நீயும் போடுவாயா?” என்று கேட்பார். அப்போது கிடைப்பது அநேகமாக முதல் இரண்டு மணி நேரம், ஆளில்லாத தளம். அதைச் சிறுமையாக நினைக்காதீர்கள். தளத்தை மெல்லச் சூடேற்றும் இந்த வார்ம்-அப்தான் இந்தக் கலையின் கடினமான பகுதி.

நம் கச்சேரியில் முதலில் வர்ணம் பாடுகிறார்கள். எடுத்த எடுப்பில் ராகம் தானம் பல்லவிக்குப் போனால், அதற்குப் பிறகு பாட என்ன இருக்கிறது? வார்ம்-அப்பும் அப்படியே. 122, 124 அடியில் தொடங்குங்கள். சுவரோரம் நிற்பவர்கள் ஒருவரோடொருவர் பேசும்படி ஒலி இருக்கட்டும். மிக்ஸரின் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. அடுத்து வரப் போகிறவரின் சொந்த டிராக்கைப் போடாதீர்கள்; அன்றிரவு அதைப் போடும் உரிமை அவருக்குத்தான். கடைசி இருபது நிமிடத்தில் தளம் பாதி நிறைந்து, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற தவிப்போடு நிற்க வேண்டும். அந்தத் தவிப்பைத்தான் அடுத்தவர் கையில் கொடுக்கிறீர்கள்.

என் முதல் வார்ம்-அப்பில், நள்ளிரவுக்கு முன்பே 138 அடியில் இறுக்கமான டிராக்குகளாகப் போட்டுத் தீர்த்தேன். இருபது பேர் இருந்தார்கள். பத்துப் பேர் வெளியே புகைக்கப் போனார்கள். அடுத்து வந்த ரெசிடென்ட் (அந்த அறையின் நிரந்தர டிஜே) ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. தாளமே இல்லாத ஓர் ஓசையை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அறையை அடக்கி, 124-இலிருந்து மறுபடி தொடங்கினார். நான் எரித்துவிட்ட ஒன்றரை மணி நேரத்தை அவர் எப்படித் திருப்பிக் கட்டினார் என்பதை மூலையில் நின்று பார்த்தேன். எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான்.

வார்ம்-அப்பை நன்றாகச் செய்பவருக்கு ரெசிடென்ட் இடம் கிடைக்கும். மாதம் ஒருமுறை, அதே அறை, அதே ஒலி அமைப்பு, பாதிக்குப் பாதி அதே முகங்கள். அந்த அறையின் எந்த மூலையில் பேஸ் தேங்குகிறது என்பதுகூட உங்களுக்குப் பழகிவிடும். பெர்லினின் பெர்க்ஹைன் கிளப் 2004-இல் திறந்தபின் அதன் ஓசையை உலகம் அடையாளம் கண்டது டெட்மான், பென் க்ளாக் போன்ற ரெசிடென்ட்களால்தான். பர்மிங்ஹாமில் 1993-இல் தொடங்கிய ஹவுஸ் ஆஃப் காட் இரவின் ரெசிடென்ட்டாக வளர்ந்தவர்தான் சர்ஜன்; 1994-இல் அவருடைய முதல் தட்டை வெளியிட்டது அதே ஊரின் டவுன்வர்ட்ஸ் லேபிள். ஹெலேனா ஹாஃப் ஹம்பர்க்கின் கோல்டன் பூடல் என்ற சிறு கிளப்பிலிருந்து வந்தவர். இவர்களில் யாரையும் ஒரு வைரல் காணொளி உருவாக்கவில்லை. பெர்க்ஹைனில் நுழையும்போதே ஃபோன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே நடந்ததை, இருந்தவர் வாய்வழியாகத்தான் சொல்ல முடியும்.

ஊரில் அப்படி ஓர் இரவே இல்லையா? நீங்களே தொடங்குங்கள். நான்கு பேர், 80 பேர் கொள்ளும் அறை, வாடகைக்கு நல்ல ஸ்பீக்கர். வெளியூர்ப் பெயரை அழைப்பதில் காசைக் கொட்டாமல் ஒலியில் போடுங்கள். நால்வரும் மாறி மாறி வார்ம்-அப் செய்யுங்கள். ஆறு மாதம் கையைக் கடிக்காமல் நடந்தால் அது போதும்.

பெர்லினுக்குக் குடிபெயரலாமா என்ற கேள்விக்கு என் பதில்: உங்கள் ஊரில் ஓர் அறையைக் கட்டிய பிறகு வாருங்கள். இங்கே வாடகை ஏறிவிட்டது. வாட்டர்கேட் போன்ற பெயர் பெற்ற கிளப்பே 2024 முடிவில் மூடிவிட்டது. வேர் இல்லாமல் வருகிறவருக்கு இந்த ஊர் தனிமையானது. பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: எலெக்ட்ரிக் இண்டிகோ 1998-இல் தொடங்கிய ஃபீமேல் பிரஷர் வலைப்பின்னலில் பெயரைப் பதியுங்கள். “பெண் டிஜேக்கள் கிடைக்கவில்லை” என்று சொல்லும் புரமோட்டருக்கு அந்தப் பட்டியலே பதில்.

படி 4: டிராக் செய்தல்

ஒரு மென்பொருள், ஒரு டிரம் ஓசைத் தொகுப்பு, ஒரு சிந்தசைசர். ஆறு மாதத்துக்கு இதற்கு மேல் எதையும் திறக்காதீர்கள். ரோலண்ட் டிஆர்-909 டிரம் இயந்திரம் 1980களின் நடுவில் சில ஆண்டுகளே தயாரானது. இன்று கொள்ளை விலை. அதன் ஓசை எல்லா மென்பொருளிலும் கிடைக்கிறது. ராபர்ட் ஹுட் 1990களின் நடுவில் எத்தனை குறைந்த பொருள்களால் ஒரு முழுத் தட்டையே உருவாக்கினார் என்று கேட்டுப் பாருங்கள். கிக், ஹை-ஹேட், மெல்ல உருமாறும் ஒரே ஒரு சொற்றொடர்; அதிலேயே அறை முழுவதும் அசையும்.

எட்டு பார் (நான்கு அடி ஒரு பார்) நீளமுள்ள லூப், அதாவது திரும்பத் திரும்பச் சுழலும் துண்டு, நன்றாக வரும். அதற்கு மேல் நகராது. எல்லோருக்கும் வரும் நோய் இது. மருந்து ஒன்றுதான்: அதைப் பிடிக்கிறதோ இல்லையோ, ஆறு நிமிடத்துக்கு நீட்டி முடியுங்கள். பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டரையும் ஒலியளவையும் கையால் திருகிக்கொண்டே நேரடியாகப் பதிவு செய்து, பிறகு வெட்டுங்கள். முதல் முப்பது டிராக்கை யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

கிக்கையும் பேஸையும் மோனோவில் (இடமும் வலமும் ஒரே ஒலியாக) வையுங்கள். கீழ் அலைகள் இடம் வலமாகப் பிரிந்திருந்தால் தட்டில் ஊசி துள்ளும். உச்ச ஒலியளவில் 6 டெசிபெல் இடைவெளி விடுங்கள். மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்பை வேறொருவர் காது செய்யட்டும். உங்கள் டிராக்கை இருநூறு முறை கேட்ட உங்களுக்கு அதில் இருப்பது கேட்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிடும் முன் அதை உங்கள் அறையில், உங்கள் செட்டின் நடுவில் போட்டுப் பாருங்கள். படி 3 இல்லாமல் படி 4 ஏன் நொண்டும் என்பது அப்போது விளங்கும்.

படி 5: வெளியிடுதல்

உங்கள் ஓசையோடு உண்மையிலேயே பொருந்தும் ஐந்து லேபிள்கள் போதும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம், மூன்று டிராக், தரவிறக்க முடிகிற தனி இணைப்பு. அந்த லேபிளின் எந்தத் தட்டைப் போட்டு வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே டிராக்கை இரண்டு லேபிளுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி கணக்கு. ஒரு உதாரணமாக, 300 தட்டு அச்சடிக்க, மாஸ்டரிங், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 1,800 யூரோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் தட்டுக்கு 7 யூரோ தருகிறார். அத்தனையும் விற்றால் 2,100 யூரோ, மீதி 300. வழக்கப்படி லேபிளும் கலைஞரும் பாதிப் பாதி. உங்கள் கைக்கு 150 யூரோ. 200 மட்டும் விற்றால் லேபிளுக்கு 400 யூரோ நட்டம். நான் வேலை செய்யும் கிடங்கின் பின்சுவரை ஒட்டி, விற்காமல் திரும்பிய பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய ஒரு வருட உழைப்பு இருக்கிறது. ஆகவே தட்டிலிருந்து வருமானம் எதிர்பார்க்காதீர்கள். அது வேறொரு டிஜேயின் பைக்குள் போய், வேறொரு ஊரில் ஒலித்து, அங்கிருந்து உங்களுக்கு ஒரு அழைப்பைக் கொண்டுவரும். அதுதான் அதன் வேலை.

டிஜிட்டலில் பேண்ட்கேம்ப் என்ற இணைய இசைக் கடை 15 சதவீதம் எடுக்கிறது, பணப் பரிமாற்றச் செலவு தனி. நூறு பேர் ஆளுக்கு 6 யூரோ கொடுத்தால், அந்தச் செலவுக்கு முன் 510 யூரோ உங்களுடையது. 300 தட்டும் விற்று உங்கள் கைக்குக் கிடைப்பதைவிட அது மூன்று மடங்குக்கு மேல்.

எவ்வளவு நட்பான லேபிளாக இருந்தாலும் ஒப்பந்தத்தை எழுதி வாங்குங்கள். உரிமை எத்தனை ஆண்டுக்கு, கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, லேபிள் மூடினால் மாஸ்டர் என்ற மூலப் பதிவு யாருக்கு. என் இரண்டாவது தட்டுக்கு இவற்றில் எதுவும் எழுதவில்லை. ஒரு கணக்குத் தாள்கூட வரவில்லை. அந்த நான்கு டிராக்குகளும் வேறெங்கும் வெளியிடவும் முடியாமல் கிடக்கின்றன.

படி 6: பணமும் காகிதமும்

எந்த செட்டுக்கும் முன்பே மின்னஞ்சலில் உறுதி செய்ய வேண்டியவை: தொகை, பயணச் செலவு யாருடையது, தங்குமிடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, பணம் எப்போது. வெளியூர் என்றால் பயணச்சீட்டை அவர்களே எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்துவிட்டுப் பின்னால் அலையாதீர்கள். நான் அலைந்திருக்கிறேன்.

ஜெர்மனியில் வாழ்பவர் என்றால், வரி அலுவலகத்தில் சுயதொழில் செய்பவராகப் பதிந்து, ஒவ்வொரு இரவுக்கும் இன்வாய்ஸ் எழுதுங்கள். கலைஞர்களுக்கான சமூகக் காப்பீடான கேஎஸ்கே பற்றித் தெரிந்துகொள்வது மிக முக்கியம். அதில் சேர்ந்தால் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் பங்களிப்பில் ஏறக்குறைய பாதியைத்தான் நீங்கள் கட்ட வேண்டும். கலைப் பணியிலிருந்து ஆண்டுக்கு 3,900 யூரோவுக்கு மேல் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று ஆண்டுகள் தொடக்கக்காரர்களுக்கு விலக்கு உண்டு. சான்றாக இன்வாய்ஸ்களும் ஒப்பந்தங்களும் கேட்பார்கள், அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கச் சொல்கிறேன். சொந்த டிராக்குகள் கிளப்பிலும் வானொலியிலும் ஒலிப்பதற்கான தொகை கேமா என்ற அமைப்பு வழியே வரும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சுற்றுலா விசாவில் காசுக்கு செட் போடாதீர்கள். அடுத்த விசாவுக்கே ஆபத்து.

புக்கிங் ஏஜென்ட்டை நீங்கள் தேட வேண்டாம். வருகிற அழைப்புகளை ஒரு ஆளால் சமாளிக்க முடியாத நிலை வந்தால் அவர்களே வருவார்கள்.

படி 7: காது

100 டெசிபெலில் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம் என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒரு கிளப் இரவு ஆறு, ஏழு மணி நேரம். உங்கள் காதின் அச்சில் செய்த அடைப்பான்களை, முதல் கன்ட்ரோலருக்கும் முன்பாகவே வாங்குங்கள். டிஜே மேடையின் மானிட்டரை (டிஜேவுக்கான ஸ்பீக்கர்), டிராக்குகளைக் கலக்கும்போது மட்டும் ஏற்றி, உடனே இறக்குங்கள். என் இடது காதில் மெல்லிய சீழ்க்கை ஒன்று நான்கு ஆண்டாக நிற்காமல் ஓடுகிறது. அமைதியான அறையில் தூங்க முடியாது. மின்விசிறி ஓட வேண்டும்.

மேடையில் குடி இலவசம். மற்றவையும் எளிதாக வரும். இந்த வட்டத்தில் திறமைக் குறைவால் விலகிப் போனவர்களைவிட, தூக்கமும் உடம்பும் கெட்டு விலகியவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். செட் முடியும்வரை தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வெளியூர் அழைப்பு வரும்போது

இரண்டு யூஎஸ்பி, இரண்டிலும் ஒரே டிராக்குகள், இரண்டும் ஃபேட்32 வடிவில். பழைய சிடிஜேக்கள் (யூஎஸ்பியிலிருந்து டிராக்கை ஓடவிடும் டிஜே கருவிகள்) எக்ஸ்ஃபேட் வடிவத்தைப் படிக்காது. எஃப்எல்ஏசி கோப்புகளும் அவற்றில் ஓடாது; ஏஐஎஃப்எஃப்பாக மாற்றி வையுங்கள். ஹெட்போனுக்கு மாற்று இணைப்பான் ஒன்று. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்த் தளத்தில் நில்லுங்கள். உங்களுக்கு முன் போடுபவர் அறையை எங்கே கொண்டுவந்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒலிப் பொறியாளரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரம் முடியும்போது அடுத்தவரிடம், கடைசி டிராக்கை ஓடவிடட்டுமா, நிறுத்தட்டுமா என்று கேளுங்கள். யூஎஸ்பியை எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள். இன்வாய்ஸைத் திங்கட்கிழமையே அனுப்பிவிடுங்கள்.